நடு ஸ்பீக்கரும் அப்பாவின் வலது காதும்

எங்கள் பக்கத்தில் யாராவது ஸ்பீக்கர் வாங்கினால் முதலில் வெடிச் சத்தத்தைப் போட்டுத்தான் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற ஒரு காட்சியை முதலில் போட்டுப் பார்த்திருந்தால், அந்த வருஷம் தீபாவளி முடிந்து எங்கள் வீட்டில் நடந்த கூத்து நடந்திருக்காது.

அப்போது எனக்குச் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலை. வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்வேன். காலையில் எங்கள் ஊர் ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறினால் சாயங்காலம் வரை கம்ப்யூட்டர்தான். அச்சகத்தில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, மதுரையில் டிவிடி டிரைவும் சவுண்ட் கார்டும் வாங்கி மாட்டினேன். அஞ்சு சின்ன டப்பாவும், திம்மென்று அதிர்கிற அடிச்சத்தத்துக்கு மட்டும் ஒரு பெரிய ஊஃபருமாக ஸ்பீக்கர் செட்டும் வாங்கினேன். எல்லாவற்றையும் டிவியில் இணைத்துவிட்டால் வீட்டுக்குள் தியேட்டர். பத்திரிகையில் படித்த நாளிலிருந்து இதே கிறுக்கு எனக்கு.

கிறுக்கு என் கிறுக்குதான், ஆனால் செட் அப்பாவுக்காக. அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒவ்வொரு லோடிலிருந்தும் ரெண்டு வெடியை எடுத்து வெடித்துப் பார்க்கிற வேலையை வருஷக்கணக்காகச் செய்து, இடது காதைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். யார் பேசினாலும் வலது காதைத்தான் திருப்புவார். டிவியில் படம் பார்க்கும்போதும் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார். நேராக உட்கார்ந்து, எல்லாரையும் போல, நல்ல சத்தத்தில் அவர் ஒரு படம் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்தது. சீசன் ஓய்ந்து பூஜை போட்டுத் திறக்கும் வரை அப்பாவுக்கு வீடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஒயரையும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகினேன். நாலு மூலைக்கு நாலு டப்பா. அஞ்சாவது டப்பா டிவி தலைமேல், நட்ட நடுவில். ஊஃபர் மேஜைக்கு அடியில். ஒரு சண்டைப் படத்தில் லாரி வெடித்துச் சிதறுகிற இடத்தைப் போட்டேன். அம்மாடி! தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்று, "அடிச்சத்தம் நல்லா இருக்கே, எங்கன வாங்கினீக?" என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா மட்டும் தொழில்காரர் பேச்சுப் பேசினார்.

"சத்தம் சரிதாம்லே. ஆனா இந்த வெடிக்கு இம்புட்டுப் புகை வராது."

அந்த வெடிப்பில் டிவி மேல் இருந்த நடு டப்பா துள்ளித் துள்ளிக் கீழே விழப் பார்த்தது. அச்சகத்தில் பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப்பைக் கொண்டுவந்து இறுக்கி ஒட்டினேன். எவ்வளவு பவர் பாருங்கள் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அந்தச் சின்ன டப்பா ஏன் துள்ளுகிறது என்று அப்போதே ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசித்தால் நான் எதற்கு இதை எழுதுகிறேன்?

மதியம் சாப்பிட்டுவிட்டு முழுப் படத்தையும் போட்டேன். அப்பா நடுவில் நேராக உட்கார்ந்தார். அரை மணி நேரம் போயிருக்கும். என் மனைவி மெதுவாக, "ஏங்க, பாட்டு நல்லாக் கேக்குது. பேசுறதுதான் ஒண்ணும் வெளங்கல" என்றாள்.

"அதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. தியேட்டர் எபெக்ட் இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

எனக்கு உண்மையிலேயே கேட்டது. அந்தப் படத்தைத் தியேட்டரில் நாலு தடவை பார்த்திருந்தேன். வசனமெல்லாம் மனப்பாடம். மேஜைக்கு அடியிலிருந்து மொணமொணவென்று வந்ததை என் மண்டையே வார்த்தையாக்கிக் கொடுத்துவிட்டது. இது எனக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வேறு படம். அதே குறை. சிடி கடைக்குப் போய், "பிரிண்ட்டு சரியில்ல, என்னத்த வச்சு ஏவாரம் பண்றீக?" என்று கத்தினேன். அந்த மனுஷன் மறுபேச்சு பேசாமல் மூன்று டிவிடி மாற்றிக் கொடுத்தார். பாவம், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து, "இப்பக் கேக்குதா? இப்பக் கேக்குதா?" என்றேன்.

"இன்னும் சரியாக் கேக்கலயே" என்றாள் அம்மா.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஒரு மாதம் அலைந்து திரிந்து செய்தவனுக்குக் கிடைக்கிற மரியாதையா இது என்று தோன்றியது.

"எனக்குக் கேக்குது. ஒங்க எல்லாருக்கும் காதுல என்ன கோளாறு? மொத்தக் குடும்பமும் செவிடாப் போச்சா?"

அப்பா இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் சொல்லிவிட்டேன். அம்மா அவசரமாக, "இந்தா, இப்பக் கேக்குது. நல்லாவே கேக்குது" என்றாள். என் மனைவியும் தலையை ஆட்டினாள். அப்பா அம்மாவைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்குலே" என்றார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு படம் போட்டால் அவர் உட்காருவதே இல்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் அவருக்குப் படத்தில் ருசி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி திறக்க ரெண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை அச்சகம் அரை நாள்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"ஏலே, அப்பா திங்கக்கெழமை பூசைக்குப் போயி வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துருவேங்காக."

"எதுக்கு?"

"அந்தக் காதும் போச்சாம். நம்ம எல்லாருக்கும் டிவி கேக்குதாம், அவுகளுக்கு மட்டும் கேக்கலையாம். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காக."

தட்டைத் தள்ளி வைத்தேன். அப்பா தன் ஆட்களிடம் அடிக்கடி சொல்வது எனக்குத் தெரியும். வெடிமருந்து அறையில் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தால் அது காதில் விழ வேண்டும். விழாதவன் உள்ளே நிற்கக் கூடாது. அவன் ஒருவனால் நாற்பது உயிர் போகும். அதைத்தான் இப்போது தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் அந்தக் கம்பெனிதான் அவருக்கு எல்லாம். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனுஷன் மூன்று மாதத்தில் படுத்துவிடுவார்.

வெளியே போய்ப் பார்த்தேன். அப்பா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், திரும்பிப் பார்க்காமலே, "கொல்லையில கொழாய மூடாம வந்துட்டா பாரு ஒங்க ஆத்தா. சொட்டுது" என்றார். காதைத் தீட்டிக் கேட்டேன். சொட்டத்தான் செய்தது. எனக்கே அப்போதுதான் கேட்டது.

குழாய் சொட்டுவது கேட்கிற காதுக்கு என் ஸ்பீக்கர் கேட்கவில்லை என்றால்?

நேராக அடுப்படிக்குப் போனேன். "உள்ளதச் சொல்லு. அன்னைக்கு ஒனக்குப் பேச்சுக் கேட்டுச்சா?"

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு வார்த்தை கேக்கலங்க. அத்தைக்கும் கேக்கல. நீங்க கத்துவீகன்னுதான் கேக்குதுன்னு சொன்னோம்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மூன்று பேரின் காதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பொய் சொல்ல வைத்தது என் வாய். அந்தப் பொய்யை நம்பி ஒரு மனுஷன் வேலையை விடப் போகிறார்.

கரண்ட் வேறு இல்லை. அந்த வருஷம் ஞாயிறு தவிர தினமும் ரெண்டிலிருந்து நாலு வரை கட். ரெண்டு மணி நேரம் அந்த டப்பாக்களையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்ததும் சவுண்ட் கார்டின் செட்டிங்கைத் திறந்தேன். அதில் ஒரு அறையின் படமும் ஆறு ஸ்பீக்கரின் படமும் இருக்கும். எதைத் தொடுகிறோமோ அந்த ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வர வேண்டும். அது இருப்பது எனக்கு முதல் நாளே தெரியும். லாரி வெடிக்கிற அவசரத்தில் எவன் அதைத் தொட்டான்!

இடது பக்கத்தைத் தொட்டேன். இடது பக்கம் கேட்டது. வலது, வலது. நடு டப்பாவைத் தொட்டேன். டிவி மேல் மூச்சில்லை. மேஜைக்கு அடியில் ஊஃபர் உறுமியது. ஊஃபரைத் தொட்டேன். டிவி மேல் நடு டப்பா டேப்புக்குள் கிடந்து படபடத்தது.

அவ்வளவுதான் விஷயம். படத்தில் பேச்செல்லாம் நடு டப்பாவில் வர வேண்டியது. இந்த செட்டில் நடுவும் ஊஃபரும் ஒரே ஆரஞ்சு ஒயரில் இடம் மாறி வந்திருக்கிறது. அதனால் வசனமெல்லாம் ஊஃபருக்குப் போய் மொணமொணப்பாகிவிட்டது. வெடியின் அதிர்வு சின்ன டப்பாவுக்குப் போய் அதைத் துள்ள வைத்திருக்கிறது. செட்டிங்கில் கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது, ரெண்டையும் மாற்றிக்கொள்ள. அதில் ஒரு டிக். அரை நிமிஷ வேலை. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வாசலுக்குப் போய், "அப்பா, வந்து படம் பாருங்க" என்றேன்.

"நீங்க பாருங்கலே."

"ஒங்க காதுல ஒண்ணும் இல்லப்பா. நான்தான் ஸ்பீக்கரத் தப்பா வச்சிருந்தேன். இவுக ரெண்டு பேருக்கும் கேக்கவே இல்ல. எனக்குப் பயந்து பொய் சொல்லிருக்காக."

அவர் நம்பவில்லை. தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. இருந்தாலும் எழுந்து வந்தார். இந்தத் தடவை வெடிக்காட்சி போடவில்லை. ஒரு குடும்பப் படம், அதில் அம்மாக்காரி மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிற இடம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் படத்தை ஓட விட்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வாயசைவைப் பார்த்துக் கேட்டதாகிவிடக் கூடாது என்று தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொண்டார். கம்பெனியில் வெடியைச் சோதிக்கிறவருக்குத் தன்னைச் சோதிக்கவா தெரியாது?

மூடிய கண்ணோடு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"சோறு ஆறிப் போச்சு... கையக் கழுவிட்டு வான்னு சொல்லுது... அவன் எனக்குப் பசிக்கலைங்கான்... இந்தா, வளையல் சத்தம்."

கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "ஏலே, கேக்குதுலே. எல்லாம் கேக்குது."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார். "அப்ப அன்னைக்கி ஒனக்கும் கேக்கலையா?"

"எங்கன கேட்டுச்சு! இவன் கத்துனான்ல, அதான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "இம்புட்டு வெடிக்கு நடுவுல குடும்பம் நடத்துறவளுக பயந்தது ஒன் வாய்க்குத்தானாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் பூஜைக்கு வேட்டி கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அப்பா கம்பெனிக்குப் போனார். எழுதிக் கொடுக்கப் போகவில்லை, வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அங்கேதான் இருந்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடி எல்லாரும் உட்கார்ந்தோம். படம் தொடங்கியதும் பழக்கத்தில் திரும்பி, "கேக்குதா?" என்றேன். என் மனைவி கொஞ்சம் தயங்கினாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, கல்யாணமான ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக, உரக்கச் சொன்னாள்.

"கேக்கலங்க."

எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினேன்.