ஒரு வரியின் தலம்

பிள்ளைகளே, நான் வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கிறவன். படித்தது பள்ளிக்கூடத்துச் சாதாரண தரச் சோதனை வரைக்கும்தான். ஆங்கிலத்தைப் பார்த்துப் பிழையில்லாமல் அடிப்பேன். அதன் பொருளைக் கொட்டாஞ்சேனைக்கு வீடு திரும்பிய பிறகு மகளிடம் கேட்பேன்.

எங்களிடம் வருகிற வேலையில் பாதிக்கு மேல் கல்வெட்டு. கல்லில் ஒன்றும் வெட்டுவதில்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறிய புத்தகத்துக்கு அந்தப் பெயர். முன்னுக்குப் படம், பிறகு இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, சில பதிகங்கள், கடைசியில் நன்றி. இப்போது எல்லாரும் எங்காவது ஓர் ஆங்கில வரியும் வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதற்காக.

அந்த வரி எங்கேயிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? வருகிறவர்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்வெட்டு ஒன்றைக் கையோடு கொண்டு வருவார்கள். "இதே மாதிரி" என்பார்கள். அதை அடித்தவர் அதற்கு முந்தின ஒன்றைப் பார்த்து அடித்திருப்பார். இப்படி ஒரு வரி பருத்தித்துறையில் புறப்பட்டு, வெள்ளவத்தைக்கு வந்து, கனடாவுக்கும் போய்த் திரும்பி வரும். பேர் இல்லாத வரி மொட்டையாக இருக்கிறது என்று வழியில் யாரோ ஒருவர் பெரிய எழுத்தாளர் ஒருவரின் பேரைக் கீழே போட்டுவிடுவார். அதற்குப் பிறகு அது அவருடைய வரிதான்.

வயதான ஓர் அன்ரி வரும்வரைக்கும் நான் இதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. அவருடைய கணவர் ஆங்கில ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். இறந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

"தம்பி, அவர் எந்த நேரமும் சொல்லுற ஒரு வசனம் இருக்கு. படத்துக்குக் கீழை அதைத்தான் போடோணும்" என்று சொல்லி, பாடமாகச் சொன்னார். பொறுத்திருக்கத் தெரிந்தவனுக்கு நல்லது தானாக வரும் என்ற மாதிரி ஒரு கருத்து. நான் ஏற்கெனவே அடித்திருக்கிற வரிதான். வழக்கமாக வரும் ஒரு நாடகாசிரியரின் பேரையும் கீழே அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இந்தப் பேர் எங்கையிருந்து வந்தது?"

"எல்லாக் கல்வெட்டிலையும் இதுதான் அன்ரி."

"எந்தப் புத்தகத்திலை எழுதினவர்?"

மாதிரிக் கல்வெட்டைப் புரட்டிப் பார்த்தேன், அதிலும் பேர் மட்டும்தான். உள்ளே இருந்து முதலாளி குரல் கொடுத்தார். "பேர் மட்டும் போட்டால் காணும் அன்ரி. சனம் இதெல்லாம் வாசிக்கிறேல்லை."

"சனம் வாசிக்காது. அவரிட்டைப் படிச்சதுகள் வாசிக்குங்கள். எந்தப் புத்தகம் எண்டு சொல்லாமல் ஒரு வரி எழுதினால் அவர் கொப்பியைத் திருப்பிக் குடுத்துப்போடுவார். அவரின்ரை படத்துக்குக் கீழையே அந்தப் பிழை வந்தால் நான் என்ன முகத்தோடை அதுகளுக்கு முன்னாலை நிக்கிறது?"

பிறகு மேசையில் கிடந்த மாதிரிக் கல்வெட்டில் பதிகம் இருந்த பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்கு மேலை பாடின தலத்தின்ரை பேர் போட்டிருக்கிறியள். பண்ணும் போட்டிருக்கிறியள். அந்த வரிக்கும் ஒரு தலம் இருக்கும்தானே தம்பி?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எந்தக் கோயிலில் நின்று பாடினது என்று ஒவ்வொரு பதிகத்துக்கும் மேலே நான்தான் அடிக்கிறேன். ஆங்கில வரிக்கு மட்டும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கவேயில்லை. அடுத்த கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

முதலில் பழைய வேலைகளைத் திறந்து பார்த்தேன். அதே வரி ஒன்றில் அந்த நாடகாசிரியரின் பேரோடு, இன்னொன்றில் ஒரு கவிஞரின் பேரோடு, வேறொன்றில் ஒரு பிரதமரின் பேரோடு இருந்தது. வீட்டில் மகள் தன் போனில் தேடினாள். பூவுக்கு மேலே, சூரியன் மறைகிற கடலுக்கு மேலே, எங்கும் அந்த வரி. பக்கத்தில் ஆளின் படம்.

"தாடி மட்டும்தான் அப்பா ஒரே மாதிரி. ஆக்கள் வேறை வேறை" என்றாள். "ஒராள்கூடப் புத்தகத்தின்ரை பேர் போடேல்லை. எல்லாரும் ஒண்டைப் பார்த்து ஒண்டு போட்டிருக்கினம். உங்கடை கல்வெட்டு மாதிரித்தான்."

சனிக்கிழமை இரண்டு பேரும் நூலகத்துக்குப் போனோம். அங்கே வேலை பார்க்கிற முஸ்லிம் அம்மா ஒருவர், நாங்கள் அந்த நாடகாசிரியரின் அலுமாரிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன தேடுறீங்க?"

மகள் சொன்னாள்.

"அவர்தான் சொன்னார்னு ஒங்களுக்கு யார் சொன்னது? பேர உட்டுட்டு அந்த வரில உள்ள சொல்ல வச்சுத் தேடுங்க மகள்."

செங்கல் மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். புகழ்பெற்ற வரிகளையெல்லாம் சேர்த்த அகராதி அது. பின்பக்கத்தில் ஒவ்வொரு வரியிலும் இருக்கிற முக்கியமான சொல்லைப் பிடித்துத் தேடலாம். யார், எந்தப் புத்தகம், எத்தனையாம் அத்தியாயம் என்று எல்லாம் போட்டிருக்கும். இப்படி ஒரு புத்தகம் உலகத்தில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மகள் விரலை வைத்துக்கொண்டே போனாள். விரல் நின்றது.

"அப்பா, தாடிக்காரர் ஒருத்தருமில்லை. இது ஒரு பொம்பிளை எழுதின நாவல்."

நாவலும் அங்கேயே இருந்தது. அத்தியாயத்தைத் தேடி எடுத்து, மகள் மெதுவாக வாசித்து எனக்குச் சொன்னாள். ஒரு வீட்டில் கூரை ஒழுகுகிறது. மனைவி வாளிக்கு மேல் வாளி வைக்கிறாள். கூரை திருத்துகிறேன் என்று மாதக்கணக்காகச் சொன்ன கணவன் கட்டிலில் கிடக்கிறான். கிடந்தபடி அந்த வரியைச் சொல்கிறான்.

நான் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னேன். அதேதான். எத்தனையோ பெரிய மனிதர்களின் படத்துக்குக் கீழே நான் அடித்த வரி, வேலையைத் தள்ளிப்போட ஒரு சோம்பேறி சொன்ன சாட்டு.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்ரிக்கு ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தின் பேரை மட்டும் போடுவோம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? மகளிடம் சொன்னேன்.

"அவரிட்டைப் படிச்சவை பார்ப்பினம் அப்பா. அவர் அப்பிடித்தானே பழக்கி வச்சிருக்கிறார். பிறகு அந்த அன்ரிக்குத்தான் வெக்கம்."

ஆகவே அன்ரியின் வீட்டுக்குப் போனோம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு ஃபிளாட். தேத்தண்ணி தந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் ஒரு துணி சுற்றிக் கட்டியிருந்தது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மகள்தான் சொன்னாள். கூரை, வாளி, கட்டில், எல்லாம் சொன்னாள். அன்ரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பைப்பைப் பாருங்கோ தம்பி" என்றார். "திருத்தச் சொல்லி எப்ப கேட்டாலும் அந்த வசனத்தைத்தான் சொல்லுவார். சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பு. நான் ஏதோ பெரிய தத்துவமாக்கும் எண்டு பேசாமல் போயிடுவன். மனுசன் எங்கை படிச்சதெண்டு தெரிஞ்சுதான் சொல்லியிருக்கிறார்."

கோபமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "வேறை வரி போடுவமோ அன்ரி?" என்று கேட்டேன்.

அன்ரி மகளைப் பார்த்து, "அதுக்கு வாளி வச்ச அந்த மனுசி என்ன சொன்னவ?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். வரியைக் கண்ட சந்தோசத்தில் நாங்கள் அடுத்த பக்கத்தைத் திருப்பவேயில்லை. போனில் படம் எடுத்ததும் அந்த ஒரு பக்கம்தான்.

"ஒரு மறுமொழியும் சொல்லாமல் இருந்திருக்க மாட்டா. பார்த்துச் சொல்லுங்கோ பிள்ளை."

மறுபடி நூலகம். மறுமொழி அடுத்த பக்கத்தில் மேலேயே இருந்தது, ஒரே வரி. அந்த நல்லது வந்து சேரும்வரைக்கும் நீ எழும்பி வந்து இந்த வாளியைப் பிடி என்கிற மாதிரி. கடைக்கு வந்த அன்ரிக்கு மகள் அதை வாசித்துக் காட்டினாள். அவர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடியக் கண்ணைத் துடைத்தார்.

"ரெண்டையும் போடுங்கோ. அவருக்குக் கீழை அவ."

முதலாளி வெளியே வந்துவிட்டார். "அன்ரி, கல்வெட்டிலை பகிடி சரிவராது. சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும். எனக்கு இவ்வளவு காலமும் மறுமொழி தெரியேல்லை. இப்ப தெரியும்."

இரண்டு வரியையும் அடித்தேன். கீழே நாவலின் பேர், எழுதிய பெண்ணின் பேர், அத்தியாயம், சொன்னவர்களின் பேர். பதிகத்துக்கு மேலே தலத்தின் பேர் போடுகிற அதே எழுத்தளவில் போட்டேன்.

முப்பத்தோராம் நாள் நானும் போனேன். தலை நரைத்த பழைய மாணவர் ஒருவர் மூலையில் கதிரையில் இருந்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். வடைத் தட்டோடு அன்ரி அவரருகில் நின்றார்.

"தலம் சரியோ?"

"சரி அன்ரி. ஆனால் அந்த மனுசியைப் பற்றி எங்கடை சேர் ஒரு நாளும் சொல்லேல்லை."

"எனக்கும்தான் சொல்லேல்லை. வடையை எடுங்கோ."