நீலம் ஏறிய கட்டைவிரல்

பன்னீர் திராட்சை பழுக்கிற நாட்களில் எங்கள் கம்பம் ஊர்ப் பக்கத்துத் திராட்சைப் பந்தல்களுக்கெல்லாம் வலை போட்டுவிடுவோம். பகலில் கிளிக்கு, இரவில் வௌவாலுக்கு. ஒருநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால், ஒரு பழந்தின்னி வௌவால் இறக்கை சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேல் இரக்கமெல்லாம் இல்லை. புது வலையைக் கிழித்துவிடுமே என்ற எரிச்சலில் வெறுங்கையால் பிரித்தேன். கட்டைவிரலில் கடித்தது. உதறி வரப்பில் போட்டேன்.

கொடியை வெட்டிக் கவாத்து முடிந்த பக்கத்துப் பந்தலுக்கு அடிக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீல மருந்து டிரம்மில் இருந்தது. விரலை அதில் முக்கினேன். கொடியில் வரும் பூஞ்சையையே கொல்கிற மருந்து கடியில் ஏறிய கிருமியைக் கொல்லாதா என்று நினைப்பு. திராட்சைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. பழம் தின்கிற பிராணிக்கு ஏது வெறிநோய் என்றும் தேற்றிக்கொண்டேன். மனைவி டீ கொண்டுவந்தபோது கடித்ததைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வேலையைக் கெடுத்து ஆஸ்பத்திரிக்குத் துரத்துவாள்.

மதியம் சோறு போடும்போது பார்த்துவிட்டாள். எவ்வளவு கழுவியும் காயத்தில் நீலம் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"எலி கடிச்ச மாதிரித்தான், ஒண்ணுமில்ல" என்றேன்.

"மொதல்ல கெளம்புங்க" என்று வண்டிச் சாவியை எடுத்து நீட்டினாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் குழாயடிக்குத்தான் அனுப்பினார். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொன்னார். திரும்பி வந்ததும், "வௌவால் கடிச்சு இந்த நோய் வர்றது நம்ம பக்கம் அபூர்வந்தான். ஆனா வந்துருச்சுன்னா காப்பாத்த முடியாது. அதனால ஊசி போட்டுருவோம்" என்றார். எழுதிக்கொண்டே, "வேற யாரும் அதத் தொட்டாகளா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மனைவி வளையலை மேலே தள்ளி மணிக்கட்டை நீட்டினாள். மெல்லிய கீறல்கள் இரண்டு. காலையில் டீ கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்த வௌவால் வரப்பில் தவழ்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து, நாய் கவ்விவிடுமே என்று கையால் தூக்கிப் புளியங்கிளையில் தொங்கவிட்டிருக்கிறாள்.

"கடிச்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா நான் அதத் தொட்டிருப்பேனா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. என் விரலுக்கு வராத பயம் அவள் கையைப் பார்த்ததும் வந்தது.

அன்றே இரண்டு பேருக்கும் காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள். பிறகு குறித்துக் கொடுத்த நாட்களில் இருவரும் தவறாமல் போனோம். இப்போது வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுகிறேன். பந்தல் கல்தூணில் தடித்த தோல் கையுறை தொங்குகிறது. எதுவும் சிக்கியிருந்தால், தொடுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய ஊசிச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. என்னுடையது எங்கே போனதென்று தெரியவில்லை.