துக்கி: மயில், கிளி, நிரூபணம்

துக்கி என்பது எபிரேய (ஹீப்ரு) மொழிச் சொல். தமிழ்க் காதுக்குத் துக்கத்தின் உறவுபோல ஒலித்தாலும், அது ஒரு பறவையின் பெயர், அநேகமாக. அந்த 'அநேகமாக'வைக் காப்பாற்ற நான் அப்பாவோடு ஒரு மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கல்லூரி மூன்றாம் ஆண்டில், ஏதேனும் ஒரு சொல்லின் வரலாற்றைக் கட்டுரையாக எழுதச் சொன்னார்கள். நான் இதை எடுத்துக்கொண்டேன். பழைய எபிரேய மறைநூலில், அரசனுக்குக் கப்பலில் வந்த சரக்குகளின் வரிசையில், தந்தத்துக்கும் குரங்குகளுக்கும் அடுத்து இச்சொல் பன்மையில் நிற்கிறது. மயில்கள் என்பது மரபான பொருள். தமிழ்த் 'தோகை'யிலிருந்து போயிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் ஊகம். அது பறவையே அல்ல, இன்னொரு வகைக் குரங்கு என்போரும் உண்டு. இன்றைய எபிரேயத்திலோ துக்கி என்றால் கிளி. தோகையும் லேசுப்பட்டதல்ல: மயில், அதன் வால், கரும்பின் தாள், பெண் என்று நாலாகப் பிரிகிறது.

இதை வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது. அப்பா மருந்து நிறுவனத்தில் வேதியியலர். மூன்று முறை சோதிக்காத எதிலும் கையெழுத்திடாதவர். அவர்தான் அமெரிக்காவில் நாங்கள் வாழும் ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரின் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் விழாவுக்கு அறிவிப்பு ஃப்ளையர் அச்சிட்டார்: 'ஹீப்ருவின் தாய் தமிழே! ஆதாரத்துடன் நிரூபிக்கிறார்...' அடுத்து என் பெயர்.

"அப்பா, நான் அப்படி எழுதவே இல்ல."

"ஃப்ளையர்ல 'இருக்கலாம்'னு போட்டா யாரும்மா வருவா?"

ஒரு மாதமும் இதே பேச்சு. விழாவன்று, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பத்து நிமிடம் பேசினேன். இது ஊகம், நிரூபணமல்ல என்று இரண்டு முறை சொன்னேன். நான் இறங்கியதும் விழாவை நடத்திய அங்கிள் மைக்கைப் பிடித்தார்.

"குழந்தை தன்னடக்கமா பேசறா. மேட்டர் ப்ரூவ் ஆயிடுச்சு!"

கைதட்டல். பெரியவர்களை எதிர்த்து வாயே திறக்காத நான் திரும்பிப் போய் மைக்கை வாங்கினேன்.

"இல்ல அங்கிள். ப்ரூவ் ஆகல."

பின்வரிசையிலிருந்து ஓர் ஆன்ட்டி கேட்டார்: "மயிலா, கிளியா, ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. சாம்பார் ஆறுது."

"தெரியல ஆன்ட்டி."

எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர.

வீடு திரும்பும்போது காரில் அப்பா சொன்னார்: "மிச்ச ஃப்ளையரை பிரிட்ஜ்வாட்டர் கோயில்ல வைக்கலாம்னு இருந்தேன்."

"என் பேரை அடிச்சிட்டு வைங்க."

"உன் பேர் இல்லாம எதுக்கும்மா? தமிழ் எங்க வேணா போகட்டும். எம் பொண்ணு பேசறான்னுதான அச்சடிச்சேன்."

ஒரு மாதத்தில் இதை ஒருமுறை சொல்லியிருந்தால் என்ன? எரிச்சலாக இருந்தது. பின்னிருக்கையிலிருந்த மிச்ச ஃப்ளையர் கட்டை எடுத்து என் பையில் திணித்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.