நேர்ந்துவிட்ட பிள்ளை

நான் பிறப்பதற்கு முன்பே என்னைக் கன்னியாஸ்திரி ஆக்கிவிட்டார் அம்மா. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஏலாக்குறிச்சி மாதா முன்னால் முழங்காலிட்டு, "எனக்குப் புள்ளைங்க தங்குனா ஒரு பொண்ண ஒனக்கே குடுத்துடறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டாராம். நான் தங்கினேன். எட்டு வருடம் கழித்துத் தங்கையும் வந்தாள்.

வரதராஜன்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஒத்த வயசுப் பிள்ளைகள் தெருமுனையில் கைகூப்பி, "ஸ்தோத்திரம் சிஸ்டர்!" என்று கத்துவார்கள். நான் கல்லைத் தூக்கிக்கொண்டு துரத்துவேன். அப்படியொரு சிஸ்டரை எந்த மடமும் கண்டிருக்காது.

ஆனால் வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். மடத்துக்குப் போகிற பிள்ளை நாலெழுத்து படித்திருக்க வேண்டுமென்று ஜெயங்கொண்டத்தில் டியூசன் வைத்தார்கள். அடுப்படிப் பக்கம் விடமாட்டார்கள். தங்கைதான் தண்ணீர் தூக்கினாள், பாத்திரம் விளக்கினாள். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பள்ளியில் இயற்பியல் எடுத்தவர் ஒரு கன்னியாஸ்திரி. "ஏன்னு கேக்காம எதையும் எழுதாத" என்பார். கேட்டுக் கேட்டுப் பழகியதில், நான் ஏன் மடத்துக்குப் போக வேண்டும் என்ற கேள்வியும் வந்துவிட்டது. பெரம்பலூர் கல்லூரியில் இயற்பியல் படிக்கத்தான் ஆசை. அம்மாவிடம் சொல்லப் பயம். மாதாவுக்குக் கொடுத்த வாக்கு தவறினால் அவர் உயிரையே விட்டுவிடுவார் என்று நம்பினேன்.

பிளஸ் டூ முடிந்ததும் அம்மா என்னை மடத்துக்குக் கூட்டிப்போனார். வந்து பேசியது அதே சிஸ்டர்.

"நீயா வர்றியா, ஒங்கம்மா அனுப்பறாங்களா?"

"படிக்கணும் சிஸ்டர்" என்றேன், தரையைப் பார்த்து.

"அவளா ஆசப்பட்டு வந்தாத்தாம்மா சேத்துக்குவோம். கூட்டிட்டுப் போங்க, படிக்கட்டும்" என்றார் அம்மாவிடம்.

பஸ்ஸில் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரி, நீ பெரம்பலூருக்கே போ" என்றார்.

என் காதையே நம்ப முடியவில்லை. "மாதாவுக்குச் சொன்னது?"

"பொண்ணுன்னுதான சொன்னேன். எந்தப் பொண்ணுன்னு சொல்லலியே."

சொல்லிக்கொண்டே அம்மா வாசல் பக்கம் திரும்பினார். அங்கே தங்கை முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க என்ன, கோயிலுக்கு நேர்ந்த ஆடுங்களா? ஒண்ணு போனா இன்னொண்ண ஓட்டி வுடறதுக்கு?" என்று கத்தினேன்.

"ஆட்டுக்கு எவடி டியூசன் வச்சா?" என்றார் அம்மா, நிஜமாகவே புரியாமல். பிறகு தங்கையிடம், "அத வச்சுட்டுக் கையக் கழுவுடி. இனிமே நீ எந்த வேலையும் செய்ய வேணாம். நாளைலேர்ந்து டியூசனுக்குப் போ."

தங்கை கொட்டையைக் கீழே போட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நெசமாவாம்மா?" என்று கேட்டாள்.