சங்குக்கும் வெடிக்கும் நடுவே

மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில் எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் தாமாகவே ஒரு குலுங்கு குலுங்கும். தொண்ணூறுகளின் கடைசியில் ஆலத்தியூர்ப் பக்கம் குடியிருந்த எங்களுக்கு அது அதிசயம் இல்லை. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கிற சுரங்கத்தை மைன்ஸ் என்றுதான் சொல்வோம். அந்த நேரத்துக்குத்தான் அங்கே பாறைக்கு வெடி வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும். பத்து நிமிஷம் கழித்து வெடிக்கும். என் கணவர் வெடி வைக்கிற கேங்கில் இருந்தார்.

அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அரிசி களைந்த தண்ணீரோடு அரிசியும் சேர்ந்து போகும். எங்கள் சபைப் போதகரின் மனைவியிடம் போய் அழுதேன். பாஸ்டரம்மா என்று கூப்பிடுவோம். அவர்கள் ஒரு சின்ன ஜெபம் சொல்லிக்கொடுத்தார்கள்.

“சங்கு கேட்டதும் மூச்ச நிதானமா இழுத்து விடு. ‘ஆண்டவரே, நீர் அங்கே இருக்கிறீர், நான் இங்கே இருக்கிறேன், அது போதும்’னு மெதுவா சொல்லிகிட்டே இரு. வெடிச்சதும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டு உன் வேலையப் பாரு.”

அவ்வளவுதான். செய்து பார்த்தேன். உள்ளே ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அரிசி பானைக்குள்ளேயே இருந்தது. இவ்வளவு சுலபமாக நிம்மதி கிடைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டங்கள் சேர்த்தேன். முட்டி போட வேண்டும். முக்காடு போட வேண்டும். முகம் மைன்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். சங்கு ஊத ஆரம்பிக்கும்போதே நான் ஆரம்பிக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இதில் ஒன்று தவறினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

விளைவு, பத்து நிமிஷப் பயம் போய், காலை பத்து மணியிலிருந்தே பயம் வந்தது. ஆடிக் காற்று அடித்தால் சங்கு சரியாகக் கேட்காது. தா.பழூர் பஸ்ஸின் ஹாரனுக்கெல்லாம் முட்டி போட்டிருக்கிறேன். மீன்சுருட்டியில் என் தங்கை மகளுக்குக் காது குத்தினார்கள். ஒன்றரை மணிக்கு அங்கே சங்கு கேட்காதே என்று போகாமல் இருந்துவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா சிரிக்கும். “ஏண்டி, அந்தாளு வெடி வெச்சுட்டு ஜாலியா பீடி குடிக்கிறாரு. நீதான்டி இங்க தெனமும் வெடிக்கிற.”

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மதியம் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார்கள். காபி போட்டுக் கொடுத்தேன்.

“எப்படிம்மா இருக்க? அந்த ஜெபம் பண்றியா?” என்று கேட்டார்கள்.

“அத ஏம்மா கேக்குறீங்க. நீங்க சொல்லிக்குடுத்ததுலேந்து பயம்ங்கிறதே இல்லம்மா. அப்படியே தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்கேன்” என்று கையை ஆட்டி ஆட்டிச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

தட்டுகள் குலுங்கின. சங்கு எப்போது ஊதியது? என் பேச்சில் எனக்கே கேட்கவில்லை.

அடுத்த நிமிஷம் நான் ரோட்டில் இருந்தேன். காலில் செருப்பு இல்லை. காபியும் கையுமாக உட்கார்ந்திருந்த பாஸ்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைன்ஸ் கேட்டில் வாட்ச்மேன் என்னைப் பார்த்துப் பயந்துபோனார்.

“வெடி கேங்ல எங்க வூட்டுக்காரரு... நல்லா இருக்காருங்களா?”

“வெடி கேங்கா? அவரு அதவிட்டு மாறி ஆறு மாசம் ஆகுதேம்மா. முட்டி வலின்னு எடை மேடைக்கு மாத்திட்டாங்களே. தெரியாதா?”

எட்டிப் பார்த்தேன். லாரிகளை எடை போடும் இடத்தில், ஃபேனுக்கு அடியில், நான் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிப்பர் கிளப்புகிற தூசியில் அங்கேயும் உடம்பெல்லாம் வெள்ளையாகிவிடும். அதனால்தான் தினமும் துணி துவைத்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டுவிட்டார்.

“ஏங்க, ஆறு மாசமா நான் யாருக்குங்க முட்டி போட்டுகிட்டு இருக்கேன்?”

“நான் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். மேஸ்திரி அண்ணன்தான் விடல” என்றார்.

அதற்குள் வெடி கேங் ஆட்கள் ஐந்து பேரும் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்துவிட்டார்கள். எல்லாரும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள், குலசாமி கும்பிடுகிறவர்கள். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்தபடி சொன்னார்: “கோவிச்சுக்காத தங்கச்சி. நீ முட்டி போடுறத இவன்தான் எங்ககிட்ட சொன்னான். தெனம் சங்கு ஊதுனதும், ‘அங்க ஜெபம் ஆரம்பிச்சிருக்கும்டா’ன்னு ஒரு தைரியத்துலதான் திரியப் பத்த வைக்கிறோம். இவன் மாறிட்டான்னு தெரிஞ்சா நீ நிறுத்திடுவ. அப்புறம் எங்களுக்கு யாரு?”

அவர்களில் இளையவர் என்னையே பார்த்தார். “அண்ணி, இன்னிக்கு இங்க ஓடியாந்துட்டீங்களே. அப்ப ஜெபம்?”

பண்ணினேன் என்று சொல்லிவிடலாம். ஐந்து பேரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். ஆனால் அரை மணிக்கு முன்னால்தான் ஒரு பொய்ச்சாட்சி சொல்லியிருந்தேன். இன்னொன்றுக்குத் தெம்பு இல்லை.

“பண்ணலப்பா. பேசிகிட்டே மறந்துட்டேன்.”

மேஸ்திரி தன் கைவிரல்களை மடக்கிப் பார்த்தார். கூட இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தான்டா இருக்கு” என்றார். “இன்னிக்கு தங்கச்சியோட சாமி தனியாவே சமாளிச்சுட்டாரு போல.”

அவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. நீர் அங்கே இருக்கிறீர் என்று தினமும் நூறு தரம் சொல்லிக்கொண்டே, ஆண்டவரை ஒரு நாள்கூட அங்கே இருக்கவிடவில்லையே நான் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தால், பாஸ்டரம்மா முக்காடு போட்டு முட்டி போட்டிருந்தார்கள். காபி ஆடை கட்டிக் கிடந்தது. “நீ ஓடுன ஓட்டத்தப் பாத்து எனக்கே படபடப்பு வந்துடுச்சும்மா” என்றார்கள். நடந்ததையெல்லாம் சொன்னேன், தெளிந்த தண்ணீர் என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்து.

மறுநாள் சங்கு ஊதியபோது கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. நறுக்கியபடியே அந்த ஒரு வரியைச் சொன்னேன். ஐந்து பேரையும் ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டேன். என் கணவரைச் சேர்க்கவில்லை. ஃபேனுக்கு அடியில் புளிச்சோறு சாப்பிடுகிறவருக்கு அன்றைக்கு ஜெபம் கிடையாது என்று கோபமாக இருந்தேன்.

தட்டுகள் குலுங்கின. ஸ்தோத்திரம் சொன்னேன். அப்புறம், போனால் போகிறது என்று அவருடைய முட்டி வலியையும் சேர்த்துக்கொண்டேன்.