தட்டினது யாரு?

பெரியவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் அந்த டீச்சருக்கு இலக்கணப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. நாலு பக்கச் சிறுகதை ஒன்றைக் கொடுப்பார். கடைசிப் பக்கத்தை மட்டும் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார். முடிவை அவரவரே யோசித்து எழுதி வர வேண்டும், மறுநாள்தான் பக்கம் வெளியே வரும். எவ்வளவு கெஞ்சினாலும் மசியமாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வகுப்பிலேயே மூத்தவர், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் அக்கா. வயது அறுபது, வாய்க்கு மட்டும் பதினாறு. அன்றைய கதையில், கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி வருஷக்கணக்காகக் காத்திருக்கிறாள். மூன்றாம் பக்கம் கதவு தட்டும் சத்தத்தோடு நின்றுவிடுகிறது.

"தட்டினது யாரு டீச்சர்? அதை மட்டும் சொல்லிடுங்க. மண்டை வெடிச்சிடும் எனக்கு."

"நாளைக்கு."

அந்த நாளை அக்கா பார்க்கவில்லை. விடிவதற்குள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு வருஷமாக டீச்சர், அக்கா உட்காரும் பின்வரிசைப் பக்கமே பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் நாலு பக்கத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். ஆனாலும் காற்றில் கதவு லேசாக அசைந்தால் போதும், எழுதுகிற கை அப்படியே நின்றுவிடும். 'தட்டினது யாரு டீச்சர்?' என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஒரே ஒரு வாக்கியம். சொல்லித் தொலைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்!

ஒரு நாள் நிஜமாகவே கதவு தட்டப்பட்டது. அக்காவின் கணவர், லிப்ட் மெக்கானிக். கையில் அக்காவின் நோட்டு.

"அன்னைக்குச் சாப்பிடும்போது பூரா இதே பேச்சும்மா. முடிவை எழுதிட்டுத்தான் படுத்தா. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தட்டினது அவ புருஷன்தானேம்மா?"

டீச்சர் இழுப்பறையைத் திறந்தார். பக்கம் அங்கேயே கிடந்தது. அதில் அவள் கதவைத் திறக்கிறாள். யாருமில்லை, வெறும் காற்று. நோட்டில் அக்கா கோணல்மாணலாக எழுதியிருந்ததும் அதையேதான். பெரியவர் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் நோட்டை மூடினார்.

"புருஷன்தாங்க. வந்துட்டாரு. அக்காவும் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

அவர் நோட்டை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். "லீவுக்குப் பேத்தி வர்றா. இங்கிலீஷ் நல்லா படிப்பா. இதை அவ வாயால ஒரு தடவை கேட்டுடணும்."

உண்மையைச் சொல்ல டீச்சர் வாயெடுத்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இப்போதும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுகிறார். தட்டப்போவது யார் என்று இந்தத் தடவை அவருக்குத் தெரியும்: நோட்டைப் படித்துவிட்ட பேத்தி.