எதிர்வீட்டு அக்காவின் தூக்கு

எங்கள் சமையலறை ஆணியில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு பல வருடங்கள் தொங்கியது. அது எங்களுடையதல்ல, எதிர்வீட்டு அக்காவுடையது. பிள்ளைகளே, அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு முகம் சுருங்கிப்போகும்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாடு கன்று போட்டால் அந்த முதல் பாலைக் காய்ச்சித் தெருவுக்குக் கொடுப்போம். சீம்பால் என்று பெயர். அடுப்பில் வைத்ததும் தானாகக் கட்டியாகிவிடும். ஓர் ஐப்பசி மழையில் எங்கள் சிவப்பு மாடு கன்று போட்ட காலை, அக்கா தூக்கோடு வந்தார். கன்றைப் பார்த்ததும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "யம்மாடி, கண்ணுக்கு மை தீட்டுன மாதிரில்ல இருக்கு. அத்தை, இது உங்க மருமவ ஜாடை" என்று அம்மாவிடம் சொல்லி என் மனைவியைச் சீண்டினார். அம்மாவும் சிரித்தார். "மொதல்ல கன்னு குடிக்கட்டும். மிஞ்சுனா நாளன்னைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று அக்கா தூக்கை வைத்துவிட்டுப் போனார்.

கன்றுக்கு நிற்கத் தெம்பில்லை, மடியில் வாய் வைக்கவில்லை. மழைக் குளிரில் பச்சைப் பால் ஆகாது என்று அம்மா சீம்பாலைக் காய்ச்சி, கட்டியை வெந்நீரில் கரைத்து வடிகட்டித் தந்தார். புட்டியைப் பிடித்துப் புகட்டியது நான். கைப்பிள்ளைக்குச் செய்வது போலத்தான் செய்தோம். இரண்டே நாளில் கழிச்சல் கண்டு, மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் கன்று போய்விட்டது. சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார். அம்மா தெரு கேட்கச் சொன்னார்: "கண்ணு நிறையப் பாத்துட்டுப் போனியே, போதுமா?"

அக்கா வாசலோடு திரும்பிப் போனார். தூக்கைக் கேட்கவில்லை.

டாக்டர் வந்ததும், என்ன கொடுத்தோம் என்று விசாரித்தார். பிறகு கொட்டகையில் வாளி மாட்டும் கம்பிக் கொக்கியை எடுத்தார். "சீம்பால்ல கிருமியப் பிடிக்கிற புரதம் இருக்குங்க. நீளச் சங்கிலிதான், ஆனா ஒரு கணக்கா மடிஞ்சு நிக்கும். அந்த வளைவு கிருமி மேல பொருந்தும், அதுலதான் பிடிப்பே இருக்கு" என்றபடி கொக்கியை நிமிர்த்தினார். "கம்பி அதே கம்பிதான். இனிமே வாளி நிக்குமா?" கொதித்ததில் மடிப்பெல்லாம் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதாம், சீம்பால் கட்டியாவதே அதனால்தானாம். "நமக்கு அது சாப்பாடு. கன்னுக்குக் காவல் போச்சுங்க."

அம்மா கேட்டார், நான் கேட்டேன், வீடே கேட்டது. ஒருவரும் தெருவைத் தாண்டிப் போய் அக்காவிடம் சொல்லவில்லை. பழி பேசியது அம்மா, அவரே சொல்லட்டும் என்று நான் இருந்தேன். அம்மா கடைசிவரை சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். தெருவில் ஏதாவது கன்று நடந்து போனால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வதை என் வாசலிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் மறுபடி ஒரு கன்று. பிறந்த உடனே மடியிலேயே பச்சையாகக் குடித்தது. மிஞ்சியதைக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப்போட்டு, அந்தத் தூக்கில் எடுத்துப் போனேன். கொக்கிக் கதை முழுவதையும் அக்காவிடம் சொன்னேன். தலை நரைத்த பிறகு சொல்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி. கன்னு குடிச்சுச்சா?" என்றார்.

"குடிச்சிருச்சுக்கா. வந்து பாருங்க."

வந்தார். கொட்டகை வாசலில் நின்று, முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே, "பாத்துட்டேன் தம்பி. நல்லாருக்கட்டும்" என்றார்.

சமையலறை ஆணி இப்போது காலியாக இருக்கிறது. அதைப் பார்த்தாலும் முகம் சுருங்கத்தான் செய்கிறது.